ஒய்.பி. பதவி விலக வேண்டுமா? கள்ளத்தொடர்பும் கைவிட்ட கடமையும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சிகாமாட்டுக்கும் யோங் பெங்கிற்கும் இடையே, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சின்னப் பட்டணம் லாபிஸ். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நாட்டின் சுகாதார அமைச்சராகவும் இருந்தவர் சுவா சொய் லெக். விடுதி அறையில் அவரும் ஒரு பெண்ணும் இருந்த காட்சியை யாரோ ரகசியமாகப் படம் பிடித்து, 2007 கடைசியில் டி.வி.டி.யாக ஜொகூர் ஊர்களில் கைமாற்றிவிட்டார்கள். 2008 ஜனவரி 1ஆம் தேதி, படத்தில் இருப்பது தான்தான் என்று அவரே செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். மறுநாளே அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், ம.சீ.ச. (மலேசிய சீனர் சங்கம்) கட்சியின் உதவித் தலைவர் ஆகிய பதவிகள் எல்லாவற்றிலிருந்தும் விலகுவதாக அறிவித்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த மார்ச் 8 பொதுத்தேர்தலில் லாபிஸில் அவருடைய மகன் நின்று வென்றார். அக்டோபரில் கட்சிப் பேராளர்கள் சுவாவைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2010இல் அவர் கட்சியின் தேசியத் தலைவரே ஆகிவிட்டார்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் ஒட்டுக்கடையில் இரண்டு கட்சி பிரியும். "வீட்டு விவகாரம், நமக்கென்ன" என்பார் ஒருவர். "கட்டின மனைவிக்கே உண்மையாய் இல்லாதவன் ஊருக்கு எப்படி உண்மையாய் இருப்பான்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி நியாயம் உண்டு. ஆனால் இரண்டு பேருமே ஒன்றைக் கேட்பதில்லை: எந்தப் பதவியிலிருந்து விலகச் சொல்கிறோம், எந்தக் குற்றத்துக்காக? முதலில் பதவியைப் பார்ப்போம். குற்றத்துக்குப் பிறகு வருவோம்.

ஒரே ஆள், பல நாற்காலி

மக்கள் பிரதிநிதியை நாம் 'ஒய்.பி.' என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒருவர் ஒரே சமயத்தில் மூன்று நான்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றிலிருந்தும் எழுந்திருக்கும் விதம் வேறு.

அமைச்சர் நாற்காலி பிரதமர் கையில் இருக்கிறது. பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமனத்தை ரத்து செய்யலாம், அல்லது அமைச்சரே விலகலாம். கூட்டரசு அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அமைச்சர் பதவி போனாலும் நாடாளுமன்ற இடம் போகாது. தொகுதிக்கு அவர்தான் தொடர்ந்து எம்.பி.

எம்.பி. நாற்காலி வேறு. அதைப் பிரதமரும் பறிக்க முடியாது, கட்சித் தலைவரும் பறிக்க முடியாது. 51ஆவது பிரிவின்படி, உறுப்பினர் தன் கைப்பட ஒப்பமிட்டு மக்களவை சபாநாயகருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். செனட்டராக இருந்தால் மேலவைத் தலைவருக்கு. கண்ணீரோடு செய்தியாளர் கூட்டம் நடத்தினாலும், முகநூலில் நீளமாக மன்னிப்பு எழுதினாலும், அந்தக் கடிதம் போய்ச் சேராதவரை அவர் உறுப்பினர்தான். அதனால் 'ஒய்.பி. விலகிவிட்டார்' என்ற செய்தியைக் கண்டதும், கடிதம் யாருக்குப் போனது என்று பாருங்கள். பிரதமருக்கு என்றால் அமைச்சர் பதவி. சபாநாயகருக்கு என்றால் தொகுதி. கட்சித் தலைமையகத்துக்கு என்றால் கட்சிப் பதவி மட்டும்.

இந்தக் கடிதத்தில் என்ன கோளாறு வரும் என்பதற்குப் பேராக் நல்ல உதாரணம். 2009 பிப்ரவரியில், தேதி போடாமல் முன்கூட்டியே ஒப்பம் வாங்கி வைத்திருந்த கடிதங்களைக் கொண்டு, அன்றைய பேராக் சட்டமன்ற சபாநாயகர் வி. சிவகுமார் பேராங், சங்காட் ஜெரிங் தொகுதிகள் காலி என்று அறிவித்தார். அந்த உறுப்பினர்கள் தாங்கள் விலகவில்லை என்றார்கள். தேர்தல் ஆணையம் இடம் காலி என்பதை ஏற்க மறுத்தது. இடைத்தேர்தல் நடக்கவில்லை, மாநில ஆட்சிதான் கவிழ்ந்தது. தேதியும் விருப்பமும் தெளிவில்லாத கடிதம் என்றால் இப்படித்தான் ஆகும்.

கட்சி நாற்காலியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'கட்சி அவரைத் தூக்கிவிட்டது' என்றதும் தொகுதியும் போய்விட்டது என்று நினைக்கிறோம். 2022 அக்டோபர் 5இல் நடைமுறைக்கு வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தில், அதாவது 49அ பிரிவில், ஒரு உறுப்பினர் தானாகக் கட்சியை விட்டு வெளியேறினால் இடத்தை இழப்பார். கட்சி அவரை நீக்கினால் இழக்க மாட்டார். அதனால் ஒழுக்கக்கேட்டுக்காகக் கட்சி ஒருவரை நீக்கினால், அவர் சுயேச்சையாக அதே இடத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே இருக்கலாம். சிங்கப்பூரில் நிலைமை நேர் எதிர். 2012 பிப்ரவரியில் ஹவ்காங் எம்.பி. யாவ் ஷின் லியோங்கை, தன்னைப் பற்றிய பேச்சுகளுக்கு விளக்கம் தரவில்லை என்று பாட்டாளிக் கட்சி நீக்கியதும் அவருடைய இடமும் காலியானது. மே 26இல் இடைத்தேர்தல் நடந்தது.

வாக்காளர்களே கையெழுத்துத் திரட்டித் திரும்ப அழைக்கும் வழி மலேசியாவில் இல்லை. பிரிட்டனில் 2015 முதல் ஒரு சட்டம் உண்டு. எம்.பி. சிறைத்தண்டனை பெற்றாலோ குறிப்பிட்ட நாட்கள் இடைநீக்கம் செய்யப்பட்டாலோ, ஆறு வாரத்துக்குள் தொகுதி வாக்காளர்களில் 10 விழுக்காட்டினர் கையெழுத்திட்டால் இடம் காலியாகும். நம்மிடம் அது இல்லாததால்தான் 'விலகு' என்ற குரல் இங்கே இவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது. கேட்பதைத் தவிர நம் கையில் வேறு ஆயுதம் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

திருமணத்துக்கு வெளியே உறவு வைத்திருப்பது, தன்னளவில், ஒருவரை எம்.பி. பதவிக்குத் தகுதியற்றவர் ஆக்காது. 48ஆவது பிரிவு சொல்லும் காரணங்கள் வேறு: சித்தம் கலங்கியவர் என்று தீர்மானிக்கப்படுவது, திவாலாகி விடுபடாமல் இருப்பது, தேர்தல் கணக்கைச் சமர்ப்பிக்காதது, ஓராண்டுக்குக் குறையாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் பெற்று மன்னிப்புக் கிடைக்காதது, இப்படி.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இது பெரும்பாலும் சிவில் விவகாரம். 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கும் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, துணைவரின் கள்ள உறவைக் காட்டி மணமுறிவு கேட்கலாம். உறவு வைத்த அந்த மூன்றாம் நபரிடம் நஷ்ட ஈடும் கேட்கலாம். பிறர் மனைவியை ஆசைகாட்டி அழைத்துப்போவது குற்றம் என்ற தண்டனைச் சட்டத்தின் 498ஆவது பிரிவை, கணவனுக்கு மட்டும் உரிமை தந்து மனைவிக்குத் தராத பாகுபாடு என்று கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பர் 15இல் செல்லாததாக்கிவிட்டது. முஸ்லிம் ஒய்.பி.க்கள் மீது மாநில ஷரியா சட்டங்களின்படி தனியே நடவடிக்கை எடுக்கலாம்.

ஆக, சட்டம் அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் குடும்பத்திடமே விட்டுவிடுகிறது. அது சரிதான் என்பது நம் கருத்து. ஏமாற்றப்பட்ட மனைவிக்கோ கணவனுக்கோ உள்ள வேதனை உண்மையானது. ஆனால் அது அவர்களுடையது. மன்னிப்பதா, பிரிவதா, மேடையில் பக்கத்தில் நிற்பதா வேண்டாமா என்பதை ஊர் கூடி முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் ஊருக்கு எது சொந்தம்?

உறவு எப்போது பொது விவகாரம் ஆகிறது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கு, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வரவில்லை. ஆட்கள் கத்தியும் வாளியுமாக நிற்கிறார்கள். நிரை பிரித்துக்கொடுக்க ஆள் இல்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அன்றைய கூலியும் குறையும். அப்போது மண்டோர் நேற்று ராத்திரி எந்த வீட்டில் இருந்தார் என்பது லயத்துப் பேச்சாக இருக்கலாம். தோட்டக் கணக்கரான கிராணியின் முன்னால் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெரட்டுக்கு ஏன் வரவில்லை?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநில ஆளுநர் மார்க் சான்ஃபோர்டின் கதை இதே பெரட்டுக்களக் கதைதான். அங்கே ஆளுநர் என்றால் நம் மந்திரி பெசார் போல மாநில நிர்வாகத்தின் தலைவர். 2009 ஜூனில் அவர் ஏறக்குறைய ஒரு வாரம் காணாமல் போனார். மலைப்பாதையில் நடைப்பயணம் போயிருக்கிறார் என்று அலுவலகம் சொன்னது. உண்மையில் அவர் அர்ஜெண்டினாவில் காதலியுடன் இருந்தார். அவர் இல்லாதபோது பொறுப்பேற்க வேண்டிய துணை ஆளுநருக்கே அவர் எங்கே என்று தெரியவில்லை. அந்த வாரத்தில் புயலோ சிறைக் கலவரமோ வந்திருந்தால் உத்தரவிட யாரும் இல்லை.

இதில் மூன்று தவறுகள் பின்னிக் கிடக்கின்றன. மனைவிக்குச் செய்த துரோகம் ஒன்று, அது அவர் வீட்டுக் கணக்கு. பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்காமல் போனது இரண்டாவது. தன் ஊழியர்கள் வாயாலேயே மக்களுக்குப் பொய் சொல்ல வைத்தது மூன்றாவது. பின்னுள்ள இரண்டுக்காக மட்டுமே அவர் விலகியிருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். காதலியைப் பார்க்காமல் உண்மையிலேயே மலையில் நடந்துகொண்டிருந்தாலும் அந்த முடிவு மாறாது. அவர் விலகவில்லை. சட்டமன்றம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. பயணச் செலவு, பிரசாரப் பணம் பற்றிய புகார்களுக்காக 74,000 டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார். பதவிக்காலத்தை முடித்தார். 2013இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்தது பொய். 1963 மார்ச்சில் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபியூமோ, ஓர் இளம்பெண்ணுடன் தனக்குத் தவறான உறவு எதுவும் இல்லை என்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். ஜூன் 5இல், சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு விலகினார். உறவை விட, அவையில் சொன்ன பொய்தான் அவரை வீழ்த்தியது. அவையில் அமைச்சர் சொல்வதை நம்பித்தான் சட்டமும் பட்ஜெட்டும் நகர்கின்றன. ஓர் இடத்தில் பொய் சொன்னவர் பள்ளி மானியம் பற்றிச் சொல்வதை எதை வைத்து நம்புவது? புரொஃபியூமோ அதன்பிறகு அரசியல் பக்கமே வரவில்லை. கிழக்கு லண்டனில் ஏழைகளுக்கான தொண்டு நிலையத்தில் பல ஆண்டுகள் உழைத்தார்.

மூன்றாவது, அதிகாரம். உறவு யாரோடு? தன் கீழ் வேலை செய்பவரோடு என்றால், 'இரண்டு பேரும் சம்மதித்தார்கள்' என்ற சொல் பாதிதான் நிற்கும். சம்பள உயர்வும் இடமாற்றமும் ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் 'வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு இடம் இருக்கிறது? ஆஸ்திரேலியத் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸுக்குத் தன் முன்னாள் அலுவலக ஊழியருடன் உறவு என்பது வெளியானபின், 2018 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மால்கம் டர்ன்புல் அமைச்சர்களின் நடத்தை விதியையே திருத்தி, அமைச்சர்கள் தங்கள் ஊழியர்களுடன் பாலுறவு வைக்கக் கூடாது என்று எழுதிச் சேர்த்தார். ஜாய்ஸ் துணைப் பிரதமர் பதவியை விட்டார், எம்.பி.யாகத் தொடர்ந்தார். சம்மதமே இல்லாமல் தொல்லை கொடுத்தால் அது கள்ளத்தொடர்பே அல்ல, குற்றம். மலேசியாவில் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2022இல் வந்தது. அதன்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2,50,000 வெள்ளி வரை இழப்பீடு விதிக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

நான்காவது, பணம். அந்த நபருக்கு வேலையோ குத்தகையோ வீடோ பொதுப்பணத்தில் போனதா என்று பார்க்க வேண்டும். பதவியைப் பயன்படுத்தித் தனக்கோ உறவினருக்கோ தன்னைச் சார்ந்தவருக்கோ ஆதாயம் தேடுவது 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23ஆவது பிரிவில் குற்றம். தண்டனை 20 ஆண்டு வரை சிறை, ஆதாயத்தின் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, எது அதிகமோ அந்த அபராதம். இந்த இடத்தில் 'விலகட்டும்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். புகார் கொடுங்கள்.

கடைசியாக, தான் போட்ட விதியைத் தானே மீறுவது. பிரிட்டன் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் 2021 ஜூன் 26இல் விலகினார். அலுவலகத்தில் ஆலோசகரை முத்தமிட்ட படம் வெளியானது. மனைவிக்குத் துரோகம் என்பதற்காக அல்ல, யாரும் யாரையும் நெருங்கக் கூடாது என்று நாட்டுக்கு உத்தரவு போட்டிருந்த காலத்தில் அவரே அதை மீறினார் என்பதற்காகத்தான் விலகினார். இதோடு நம் தோட்டத்துறை அமைச்சராக இருந்த கைருடின் அமான் ரசாலியை வைத்துப் பாருங்கள். கள்ளத்தொடர்பு எதுவும் அங்கே இல்லை. 2020 ஜூலையில் துருக்கியிலிருந்து திரும்பியவர் தனிமைப்படுத்திக்கொள்ளாமல் நாடாளுமன்றத்துக்கே வந்தார். 1,000 வெள்ளி அபராதம் கட்டினார், நான்கு மாதச் சம்பளத்தைக் கோவிட் நிதிக்குத் தருவதாகச் சொன்னார், பதவியில் நீடித்தார். படுக்கையறைப் படத்துக்கு ஒரே நாளில் பதவி போகிறது. ஊர் உயிரோடு விளையாடினால் அபராதத்தோடு முடிகிறது. நம் கோபத்தின் எடைக்கல் எங்கேயோ தவறாக இருக்கிறது.

யாரும் படம் எடுக்காத குற்றம்

கடமையைக் கைவிடுவதற்கு டி.வி.டி. கிடையாது. பூட்டிய இரும்புக் கதவை யாரும் வாட்சாப்பில் பரப்புவதில்லை.

ஒய்.பி.யின் சேவை மையத்தின் முன்னால் நிற்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கையில் பிளாஸ்டிக் கோப்பு. உள்ளே, பிளாஸ்டிக் உறை போட்டு ஓரம் வெடித்த பிறப்புப் பத்திரம், கணவரின் பழைய அடையாள அட்டை நகல், பதிவிலாகா திருப்பி அனுப்பிய கடிதம். மகனுக்குப் பதினைந்து வயது, குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இன்னும் இல்லை. தோட்டத்தில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். உள்ளே இருக்கும் தம்பி சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "ஒய்.பி. ஊர்ல இல்லீங்கக்கா, கே.எல். போயிட்டாரு. அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரமும் அதே பதில். அந்தப் பையன் அரசாங்கத் தேர்வு எழுதப் போகும்போதுதான் இந்த 'அடுத்த வாரங்களின்' விலை தெரியும்.

சட்டத்தைப் பாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, விடுப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராத தொழிலாளி ஒப்பந்தத்தை முறித்தவராகிறார். எம்.பி.க்கு? 52ஆவது பிரிவின்படி, அவையின் அனுமதி இல்லாமல் ஆறு மாதம் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்தால், அவருடைய இடம் காலி என்று அவை அறிவிக்க'லாம்'. அறிவித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆறு மாதத்தில் ஒருநாள் தலையைக் காட்டிவிட்டால் போதும், அந்தப் பிரிவு அவரைத் தொடாது. 222 பேர் கொண்ட மக்களவையில் கூட்டம் நடக்க 26 பேர் இருந்தால் போதும். எம்.பி.யின் மாதப்படி 2015 முதல் 16,000 வெள்ளி. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. ஒன்பது தொழிலாளர் கூலிக்கு மேல் வாங்குபவருக்கு, ஒரு தொழிலாளிக்கு உள்ள கெடுவில் நூறில் ஒரு பங்கு கண்டிப்புகூட இல்லை.

ஆகவே அளந்து பார்க்கும் வேலை நம்முடையது. அது கடினமும் அல்ல.

நாடாளுமன்றத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒவ்வொரு கூட்ட நாளின் நடவடிக்கைக் குறிப்பும் மலாயில் வெளியாகிறது. அதில் அன்று வந்தவர்கள், வராதவர்கள் பட்டியல் இருக்கும். ஒரு கூட்டத்தொடர் முழுதும் உங்கள் எம்.பி.யின் பெயர் எந்தப் பட்டியலில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். வருகை மட்டும் போதாது. காலையில் கையெழுத்திட்டுவிட்டு மதியம் கிளம்புபவரும் 'வந்தவர்'தான். அதனால் அவர் பெயரைக் கொண்டு குறிப்புக்குள் தேடுங்கள். என்ன கேள்வி கேட்டார்? தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்படுவது பற்றி, தொழிலாளர் குடியிருப்புச் சட்டமான 446ஆவது சட்டத்தை முதலாளிகள் பின்பற்றுகிறார்களா என்பது பற்றி, தமிழ்ப்பள்ளிக்கு வந்த மானியம் பற்றி ஒரு கேள்வியாவது உண்டா? அமைச்சராக இருப்பவர் தொகுதிக் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்வார். அவரை இந்த அளவுகோலால் அளப்பது நியாயமில்லை.

ஊரில் அளப்பதற்கு ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் போதும். கோயில் நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ வைத்துக்கொள்ளலாம். போன தேதி, சந்தித்த ஊழியர், கொடுத்த தாளின் விவரம், சொன்ன பதில், அடுத்துச் சொன்ன தேதி. மனு கொடுக்கும்போது இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான சாப்பு (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் முப்பது வரிகள் சேர்ந்தால் அது புலம்பல் இல்லை, ஆதாரம். வெறுமனே 'ஒய்.பி. ஒன்றும் செய்யவில்லை' என்றால், ஒருநாள் அரிசி மூட்டை கொடுத்த படத்தைக் காட்டி வாயை அடைத்துவிடுவார்கள். 'மார்ச்சில் கொடுத்த பதினோரு மனுவில் ஒன்பதுக்கு இன்றுவரை பதில் இல்லை, சாப்பு போட்ட நகல் இதோ' என்றால் அடைக்க முடியாது.

நோய், பேறுகால விடுப்பு, வீட்டில் மரணம் போன்றவற்றைக் கைவிட்ட கடமை என்று எழுதாதீர்கள். அவர் இல்லாதபோது வேலையைப் பார்க்க ஆள் வைத்திருந்தாரா என்பதே அங்கே கேள்வி.

விலகச் சொல்லும் முன்

இரண்டு விஷயங்களில் மிகுந்த கவனம் வேண்டும்.

முதலாவது, படம் எப்படி வந்தது, யாரைக் குறிவைத்து வந்தது. 2009 பிப்ரவரியில் சிலாங்கூர் ஆட்சிக்குழுவில் இருந்த ஒரு பெண், தனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் பரவியதால் பதவி விலக முன்வந்தார். அவர் மணமாகாதவர். யாருக்கும் துரோகம் செய்யவில்லை, கடமையில் குறையும் இல்லை. திருட்டுக் கொடுத்தவரே தலைகுனிந்து நின்ற கொடுமை அது. மாநில அரசு விலகலை ஏற்கவில்லை, அவர் பணிக்குத் திரும்பினார். அதுதான் நியாயம். இத்தகைய படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பாதீர்கள். ஆபாசப் பொருளைப் பரப்புவது தண்டனைச் சட்டம் 292ஆவது பிரிவிலும், தொடர்புச் சட்டம் 233ஆவது பிரிவிலும் குற்றம். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். நம் கைப்பேசியை நாம் மூடலாம்.

இரண்டாவது, நாட்காட்டி. எம்.பி. விலகினால், இடம் காலி என்று தேர்தல் ஆணையம் உறுதி செய்ததிலிருந்து 60 நாளுக்குள் இடைத்தேர்தல் நடக்க வேண்டும். ஆனால் நாடாளுமன்றத்தின் ஐந்தாண்டு ஆயுளில் கடைசி இரண்டு ஆண்டுக்குள் இடம் காலியானால் இடைத்தேர்தல் கிடையாது. அந்தக் காலியிடம் பெரும்பான்மைக் கட்சியின் பலத்தைப் பாதிக்கிறது என்று சபாநாயகர் அறிவித்தால் மட்டுமே விதிவிலக்கு. அரசியலமைப்பின் 54ஆவது பிரிவு இது. ஆகவே மூன்றாண்டு கழிந்தபின் 'எம்.பி. பதவியை விடு' என்று கோஷம் போட்டால், பொதுத்தேர்தல் வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டு அந்தத் தோட்டப் பட்டணத்துக்கு நாடாளுமன்றத்தில் குரலே இல்லாமல் போகலாம். அந்தக் கட்டத்தில் அமைச்சர் பதவியையும் கட்சிப் பதவியையும் விடச் சொல்லி, தொகுதி வேலையை ஒழுங்காக முடிக்க வைப்பதே பல நேரம் மேல். முன்பு, விலகிய எம்.பி. ஐந்தாண்டு தேர்தலில் நிற்க முடியாது என்ற தடை இருந்தது. 2022 திருத்தம் அதை நீக்கிவிட்டது. இப்போது விலகியவரே இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் தீர்ப்புக் கேட்கலாம். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்புபவருக்கு இது நேர்மையான வழி.

விலகுவதிலும் முறை இருக்கிறது. 2023 ஜூலை 17இல் சிங்கப்பூர் நாடாளுமன்ற சபாநாயகர் டான் சுவான் ஜின்னும் எம்.பி. செங் லி ஹுவியும் தகாத உறவு காரணமாக விலகினார்கள். டான் பிப்ரவரியிலேயே விலக முன்வந்ததாகவும், முதலில் தொகுதி மக்களைக் கவனிக்க ஏற்பாடு செய்யும்படி தான் சொன்னதாகவும் பிரதமர் லீ சியன் லூங் விளக்கினார். உறவு அதன்பிறகும் தொடர்ந்ததால் ஐந்து மாதம் காத்திருந்தது தவறு என்று பலர் சொன்னார்கள். அது சரியான விமர்சனம். ஆனால் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போ என்று சொன்னதில் தவறில்லை. நம் ஊரில் அதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒய்.பி. விலகிய மறுவாரம் சேவை மையத்தின் பெயர்ப்பலகை இறங்கும், ஊழியர்கள் போய்விடுவார்கள், கோப்புகள் எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியாது. அடையாள அட்டைக்கு அலையும் அந்தத் தாய் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால், விலகல் செய்தி வந்த அன்றே சேவை மையத்துக்குப் போங்கள். கோயில் தலைவரோ தமிழ்ப்பள்ளிச் சங்கச் செயலாளரோ உடன் வந்தால் நல்லது. நிலுவையில் உள்ள மனுக்களின் பட்டியலை, எந்த இலாகாவுக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்ற விவரத்தோடு, எழுத்தில் கேளுங்கள். அசல் பத்திரம் ஏதாவது அங்கே இருந்தால் அப்போதே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலின் ஒரு நகலைச் சட்டமன்ற உறுப்பினரிடமும் இன்னொன்றை மாவட்ட அலுவலகத்திலும் கொடுத்து, இரண்டுக்கும் சாப்பு வாங்குங்கள். இடைத்தேர்தல் வந்தால், வேட்பாளர்கள் லயத்துக்கும் தாமானுக்கும் கை கூப்பிக்கொண்டு வரும்போது, அந்தப் பட்டியலை அவர்கள் கையில் கொடுத்து, முதல் வரியில் இருக்கும் பையனின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள்.